சேலை இடுப்பில் எப்படி நிற்கிறது? சேலைக்கட்டின் வரலாறு குறித்து ஓர் எளிய அறிமுகம்

இன்று ஒரு பெண் சேலை உடுத்தத் தொடங்கும்போது, சேலையைத் தொடுவதற்கு முன்பே தைத்த உடைகள் இரண்டை எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒன்று நாடா கோத்த உள்பாவாடை, மற்றொன்று அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. போதாதற்கு நாலைந்து ஊக்குகளும் வேண்டும். அந்த நாடாவின் முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டால், கொசுவம் சரிந்து, சுற்றுத் தளர்ந்து, ஐந்தரை மீட்டர் துணியும் காலடியில் வந்து விழுந்துவிடும். ஆனால் என் அப்பத்தா தன் வாழ்நாளில் உள்பாவாடை கட்டியதில்லை, ரவிக்கை போடும் வழக்கமும் அவளுக்கு இல்லை, ஊக்கு என்பது அவளுக்குக் காலில் தைத்த முள்ளை எடுக்கும் கருவியாக மட்டுமே இருந்தது. குனிந்து நாற்று நட்டபோதும், தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் நடந்தபோதும் அவளுடைய சேலை இடுப்பை விட்டு நழுவியதில்லை. அது எப்படி நின்றது என்ற கேள்விக்கு விடை தேடினால், தமிழ்ப் பெண்களின் உடை வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

அந்த விடைக்குத் தேவையான கருத்து ‘கட்டு’ என்பது. சேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நெசவைப் பற்றியும், பட்டைப் பற்றியும், சரிகையைப் பற்றியும் பேசுகிறார்கள். அவை துணியின் வரலாறு. அதே துணியை உடம்பில் எந்த வரிசையில் சுற்றுவது, கொசுவத்தை எங்கே வைப்பது, எந்த முனையை எதனுள் செருகுவது, எந்தத் தோளில் முந்தானையைப் போடுவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கட்டு. துணி பல நூற்றாண்டுகளாக ஏறக்குறைய ஒரே வடிவில் இருந்து வந்திருக்க, கட்டு மட்டும் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, தொழிலுக்குத் தொழில் வேறுபட்டும் காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. இன்று நாம் ‘பாரம்பரியச் சேலை’ என்று சொல்லும்போது மனத்தில் எழும் கட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான வயதுடையது.

ஊசி தெரிந்தும் தைக்காத துணி

தமிழில் துணியைக் குறிக்கும் சொற்களைக் கவனித்தால், அவற்றில் பல வெட்டுவதைக் குறிக்கும் வினைகளிலிருந்து வந்திருப்பது தெரியும். துணித்தால் துணி, அறுத்தால் அறுவை, துண்டித்தால் துண்டு. தறியில் நீளமாக ஓடும் பாவிலிருந்து ஒருவருக்கு வேண்டிய அளவு அறுத்துக் கொடுக்கப்பட்டதும், அந்தத் துணி உடையாகிவிட்டது. அதன்பின் அதற்குக் கத்தரியும் ஊசியும் தேவைப்படவில்லை. சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி விற்றவரின் பெயரிலேயே அந்த அறுத்தல் நிற்கிறது.

சேலையின் அகலத்தை நெசவாளியின் உடம்பே வரையறுத்தது. கைத்தறியில் ஒரு பக்கத்திலிருந்து, ஊடுநூலைச் சுமக்கும் தறி நாடாவை எறிந்து மறுபக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்ததால், ஒரு மனிதரின் இரு கைகளும் வசதியாக எட்டும் தூரத்துக்கு மேல் துணியை அகலமாக நெய்வது கடினமாக இருந்தது. நீளத்துக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. ஆகவே பன்னிரண்டு முழமோ, பதினாறு முழமோ, பதினெட்டு முழமோ, உடுத்துகிறவளின் கட்டுக்கு ஏற்ப நீளம் மாறியது. ஒரு முழம் ஏறத்தாழ அரை கெஜம் என்பதால், இன்றைய ஆறு கெஜச் சேலையும் ஒன்பது கெஜச் சேலையும் பழைய பன்னிரண்டு முழமும் பதினெட்டு முழமும்தான்.

தைக்கத் தெரியாததால்தான் நம் முன்னோர் தைக்காத துணியை உடுத்தினார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது, துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனர்களை வருணிக்கையில் அவர்கள் மெய்ப்பை அணிந்திருந்ததாகச் சொல்கிறது. சட்டைக்கு மெய்ப்பை, அதாவது உடம்பைப் போட்டு வைக்கும் பை, என்று பெயரிட்ட அந்தச் சொல்லில், தைத்த உடையை அயலார் உடையாகப் பார்த்த ஒருவரின் வியப்பு இன்றும் கேட்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அதற்கு நேர்மாறான வியப்போடு, அந்த நாட்டில் எல்லோரும் ஆண்டு முழுவதும் வெற்றுடம்பாகவே திரிவதால் அங்கியை வெட்டித் தைக்கத் தையற்காரனே இல்லை என்று எழுதினார். அது மிகைதான். ஆனால் தைத்த உடை அங்கே பொதுவழக்காக இல்லை என்ற அளவில் அவர் கண்டது உண்மையே.

தைக்காததற்குக் காரணங்கள் பல. வெயிலும் வியர்வையும் முதற்காரணம். உடம்பில் தளர்வாகச் சுற்றிய பருத்தி காற்றை உள்ளே விடும், சீக்கிரம் காயும். ஊசி படாத முழுத் துணியே வழிபாட்டுக்கும் சடங்குக்கும் உகந்தது என்ற தூய்மை எண்ணம் இன்னொன்று. திருமணத்தில் இன்றும் கோடித் துணிக்கும் கூறைப்புடவைக்கும் இருக்கும் இடம் அதிலிருந்து வந்தது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டின் பெயரைத் தாங்கிய அந்தப் புடவையை, கடல் கடந்து ஈழத்திலும் மணப்பெண்ணின் ‘கூறை’ என்றே சொல்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, தைக்காத துணிக்கு அளவு கிடையாது என்பதுதான். மெலிந்தவளும் பருத்தவளும் பிள்ளை சுமப்பவளும் அதே சேலையைக் கட்டலாம். தாய் மகளுக்குக் கொடுக்கலாம். நைந்துபோனால் பிள்ளைக்குத் தூளி கட்டலாம். வெட்டித் தைத்த துணிக்கு இத்தனை பிறவிகள் வாய்ப்பதில்லை.

பாட்டும் சிலையும் சொல்வன

மிகப் பழைய காலத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பாட்டுகளும் சிலைகளும் சுவரோவியங்களுமே. சங்கப் பாடல்களில் இளம்பெண்கள் துணியின் மேலோ துணிக்குப் பதிலாகவோ இலைகளும் பூக்களும் தொடுத்த தழையுடையை இடுப்பில் அணிகிறார்கள். தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் கையுறைகளில், அதாவது அன்பளிப்புகளில், தழையும் ஒன்று. புறநானூற்றின் 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் ஒரு பெண், கணவனை இழந்த நிலையில் சிறிய வெள்ளாம்பலைப் பார்த்துப் பேசுகிறாள். இளமையில் அது தனக்குத் தழையுடையாக இருந்தது. இப்போது உண்ணும் பொழுது தவறிய வேளையில் அதன் புல்லரிசி தனக்கு உணவாகிறது என்கிறாள். ஒரே பூ உடையிலிருந்து உணவாக மாறுவதற்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை தலைகீழாகிவிடுகிறது. உடை வரலாற்றுக்கு இதைவிடச் செறிவான சான்று அரிது.

நெய்த துணியும் அக்காலத்தில் எளிதானதாக இருக்கவில்லை. பொருநராற்றுப்படை, இழை ஓடும் வழியைக் கண்ணால் காண முடியாத அளவு நுண்மையும் பாம்பு உரித்த தோலைப் போன்ற மென்மையும் உடைய அறுவையைப் பேசுகிறது. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியைக் குறித்த கலிங்கம் என்ற சொல், நாளடைவில் துணிக்கே பொதுப்பெயரானது. மார்பில் கட்டும் துணிக்குக் கச்சு, வார், வம்பு என்று பல சொற்கள் இலக்கியத்தில் வழங்குகின்றன. ஆனால் யார் கச்சு கட்டினார்கள், யார் கட்டவில்லை, எப்போது கட்டினார்கள் என்பதைப் பாட்டைக் கொண்டு மட்டும் முடிவுகட்ட முடியாது.

சிலைகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தேவியர் இடுப்புக்குக் கீழே உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியும், மேலே அணிகலன்களுமாக நிற்கிறார்கள். துணியின் இருப்பே சில கோடுகளாலும் கரைகளாலும்தான் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களில் ஆடும் பெண்களும் அப்படியே. இவற்றை வைத்து அன்றைய பெண்கள் எல்லோரும் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று சொல்லிவிடலாகாது. தெய்வத்துக்கும் ஆடல்மகளிருக்கும் சிற்பி கடைப்பிடித்த மரபு அது. ஆயினும் ஒன்றை நம்பிக்கையோடு சொல்லலாம். மார்பை மறைப்பதே ஒழுக்கம், மறைக்காதது வெட்கக்கேடு என்ற இன்றைய அளவுகோல் அந்தச் சிற்பியிடமும், அவன் வடித்த திருமேனியைக் கும்பிட்டவர்களிடமும் இருக்கவில்லை.

பின்கொசுவம், அருகிலிருந்து பார்த்தால்

இனி அப்பத்தாவிடம் வருவோம். தமிழ்நாட்டின் தெற்கு, நடு மாவட்டங்களின் உழைக்கும் பெண்களிடையே பரவலாக இருந்த கட்டுக்குப் பின்கொசுவம் என்று பெயர். கொசுவம் முன்னால் இல்லாமல் முதுகுப்புறம் இடுப்பில் இருக்கும் என்பதே பெயரின் பொருள். நான் சிறுவயதில் கிணற்றடியில் பார்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

அவள் முதலில் சுற்ற மாட்டாள், முதலில் கொசுவுவாள். சேலையின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, விரல்களுக்கிடையே ஒவ்வொரு மடிப்பாகக் கொய்து, கையில் ஒரு கட்டு சேர்ந்ததும் அதைப் பின்னிடுப்புக்குக் கொண்டுபோவாள். மடிப்புகளின் மேல்நுனி இடுப்புக்கு மேலே சிறிது நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே, மறுகையால் மீதித் துணியை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கொண்டுவந்து, அந்தக் கொசுவத்தின் மேலேயே ஏற்றிக் கொண்டுபோவாள். இப்போது கொசுவம் உடம்புக்கும் துணிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நீட்டிக்கொண்டிருந்த நுனிகள் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து, இடுப்பில் விசிறி விரித்தது போல நிற்கும். பிறகு துணி மார்பின் குறுக்கே ஏறி இடது தோளைத் தாண்டி, முதுகு வழியாக இறங்கி, வலப்பக்க இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து செருகப்படும். அந்தச் செருகலுக்குள்ளேயே வெற்றிலையும் சில்லறையும் முடிந்து வைக்கும் மடியும் அமைந்துவிடும். கண்ணாடி பார்க்காமல், இரண்டு நிமிடத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும்.

இதில் கயிறு இல்லை, நாடா இல்லை. சேலையை நிறுத்துவது சேலைதான். முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவனால்கூட அதைப் பிடித்து நிறுத்த முடியும்; ஒவ்வொரு சுற்றும் உராய்வின் பிடியைப் பெருக்குகிறது. பின்கொசுவத்திலும் இடுப்பைச் சுற்றிய துணியின் ஒவ்வொரு சுற்றும் அடியிலுள்ள சுற்றைக் கவ்விக்கொள்கிறது. அதற்குத் துணி முரடாக இருக்க வேண்டும். கனமான பருத்தி நூலில், கட்டம் போட்டு, அகலக் கரை வைத்து நெய்யப்பட்ட காரைக்குடிக் கண்டாங்கி இந்தக் கட்டுக்கென்றே பிறந்தது போன்ற துணி. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் நிறத்தையும் கட்டத்தையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். அதன் கனத்துக்கும் சொரசொரப்புக்கும் ஒரு வேலை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கட்டின் பயன் நடையில் தெரியும். முன்னால் கொசுவம் தொங்காததால் காலைத் தடுக்கும் துணி குறைவு. விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்பதால் சேற்றில் இழுபடாது. தோளிலிருந்து வந்த முனை இடுப்பில் செருகப்பட்டிருப்பதால் இரண்டு கையும் வேலைக்கு விடுதலை. பிராமணப் பெண்களின் பதினெட்டு முழ மடிசார் வேறு வகையான விடை. அதில் துணியின் ஒரு பகுதியைக் கால்களுக்கிடையே எடுத்துப் பின்னால் கச்சமாகச் செருகுவார்கள். முந்தானை ஐயர் வீடுகளில் வலது தோளிலும் ஐயங்கார் வீடுகளில் இடது தோளிலும் போடப்படுவது வழக்கம். தெருவில் எதிரே வரும் பெண் யார் வீட்டுப் பெண், என்ன வேலை செய்கிறவள் என்பதை அவள் வாய் திறக்கும் முன்பே கட்டு சொல்லிவிடும். அந்த வசதிக்குள்ளேயே ஒரு கொடுமையும் குடியிருந்தது.

மறைக்கும் உரிமை

கட்டு அடையாளமானதும், அடையாளத்தைக் காவல் காப்பவர்களும் வந்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே மேலுடம்பைத் துணியால் மறைப்பது மரியாதைக்கான அடையாளமாகக் கருதப்படாமல், மேலே உள்ளவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சலுகையாக இருந்தது. ஒவ்வொரு படியில் இருந்தவர்களும் தமக்கு மேற்படியில் இருந்தவர்கள் முன்னால் மேலாடையை விலக்க வேண்டும். நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மேலாடையே அணியலாகாது.

கிறித்தவத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் மோதல் மூண்டது. 1814இல், திருவிதாங்கூரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஜான் மன்றோ, கிறித்தவப் பெண்கள் சிரியன் கிறித்தவரும் மாப்பிளை முஸ்லிம்களும் அணிவதைப் போன்ற குப்பாயத்தை, அதாவது சட்டை போன்ற மேலுடையை, அணியலாம் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்களுக்குக் குப்பாயம் போதவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் மேல்சீலையும் போட்டார்கள். சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்களின் துணிகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வந்த அரசு விளம்பரம், குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தது. 1858இன் கடைசியிலும் 1859இன் தொடக்கத்திலும் கலவரம் மீண்டும் வெடித்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்துக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்.

அந்த அறிவிப்பை நாம் வெற்றி என்று நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். ஆனால் அதன் உள்ளடக்கத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் எந்த மதத்தவரானாலும் குப்பாயம் அணியலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்பதே அது. மறைப்பதற்கு இசைந்த அரசு, கட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே துணியை ஒரு தோளில் போடும் விதத்துக்காக வீடுகளும் தேவாலயங்களும் எரிந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, கட்டு என்பது வெறும் அலங்காரச் செய்தி என்று யாராலும் சொல்ல முடியாது. நாகர்கோவில் பகுதியில் மிஷனரிப் பெண்கள் சொல்லிக்கொடுத்த ரேந்தை (லேஸ்) பின்னலில் ஈட்டிய காசு, அந்தப் பெண்கள் பலருக்கு இந்தப் போராட்டத்தில் தலைநிமிர்ந்து நிற்கத் துணையாக இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

முன்கொசுவம் வந்த வழி

திருவிதாங்கூரில் இந்தப் போராட்டம் ஓய்ந்த சில ஆண்டுகளில், இந்தியாவின் மறுகோடியில் இன்னொரு மாற்றம் தொடங்கியது. இந்திய சிவில் பணியில் சேர்ந்த முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர் 1864இல் பம்பாய் மாகாணத்துக்குப் பணியேற்கச் சென்றபோது, அவருடைய மனைவி ஞானதானந்தினி தேவியும் உடன் சென்றார். வங்காளத்து உயர்குடிப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்ததால், ஒற்றைச் சேலையை மட்டும் உடலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியில் போவதற்கென்று அவர்களுக்கு உடையே இருக்கவில்லை. பம்பாயில் பார்சிப் பெண்கள் உள்பாவாடையும் ரவிக்கையும் அணிந்து அவற்றின் மேல் சேலை கட்டுவதைக் கண்ட ஞானதானந்தினி, அதைத் தமக்கேற்ற வகையில் மாற்றிக்கொண்டு, பிற பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் வழியே அது பரவியது. கூட்டங்களுக்கும் பள்ளிக்கும் ரயிலடிக்கும் போகத் தொடங்கிய ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அது வெளியுலகின் உடையாயிற்று.

தென்னாட்டில் அந்தத் தோற்றத்தைப் பரப்பியதில் ரவிவர்மாவின் ஓவியங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மைசூர் அரண்மனைக்காக 1889 வாக்கில் அவர் தீட்டிய ஓர் ஓவியத்தில் பதினொரு பெண்கள் வெவ்வேறு பகுதிகளின் உடைகளில் கூடி இசைக்கிறார்கள். அன்று இருந்த கட்டுகளின் பன்மையை அதில் இன்றும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த மலிவு விலைப் படங்களில் இலட்சுமியும் சரசுவதியும் ரவிக்கை அணிந்து சேலை கட்டி நின்றார்கள். சோழச் சிற்பி துணியைக் கோடாகக் காட்டிய அதே தேவியர், இப்போது தையல் உடையோடு வீட்டுப் பூசையறைக்குள் வந்தார்கள். கடவுளே அப்படி உடுத்தியிருக்கும்போது, அது புதிது என்ற நினைவு மறைவதற்கு வெகுகாலம் ஆகவில்லை.

நிவி என்று சொல்லப்படும் இந்தக் கட்டின் அமைப்பு பின்கொசுவத்துக்கு நேர் எதிர். இங்கே முதலில் சுற்று, கொசுவம் பிறகு. முதல் முனையை உள்பாவாடையின் நாடாவில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி, முந்தானைக்கு நீளம் ஒதுக்கிய பிறகு, மிஞ்சிய துணியை முன்னால் கொசுவி அதே நாடாவில் செருகுகிறோம். கொசுவத்தின் மேல் எந்தச் சுற்றும் ஏறுவதில்லை. அதன் எடை முழுவதையும் அந்த ஒரு செருகல் தாங்குகிறது. செருகலை நாடா தாங்குகிறது. ஆகவேதான் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. நாள்தோறும் சேலை கட்டும் பெண்களின் இடுப்பில் கருத்த தழும்பு விழுவதும் அதனால்தான். முந்தானை தோளில் சும்மா கிடப்பதால் அதை நிறுத்த ஊக்கு வேண்டும். அந்த ஊக்கும் புதியதே. நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் 1849இல் அதற்குக் காப்புரிமை பெற்று, 400 டாலருக்கு அதை விற்றுவிட்டார். அவருடைய வளைந்த கம்பி தமிழ்ப் பெண்ணின் தோளில் வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

துணியும் இந்த மாற்றத்துக்கு ஒத்துழைத்தது. சாயவேரின் சிவப்புக்குப் பதிலாக 1869 முதல் சந்தைக்கு வந்த செயற்கை அலிசரின், ஆலை நூல், பின்னர் விசைத்தறி, அதன்பின் நைலான், நைலக்ஸ், பாலியஸ்டர் என்று சேலை மெலிந்தும் வழுவழுப்பாகவும் மலிவாகவும் ஆனது. துவைத்த ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் நைலக்ஸ் சேலையை 1970களில் பெண்கள் எத்தனை மகிழ்ச்சியோடு வாங்கினார்கள் என்பதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மாற்றுச்சேலைக்கு வழியில்லாத வீடுகளில் அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வழுக்கும் துணியில் பின்கொசுவம் நிற்காது. சுற்றைச் சுற்று கவ்வாது. புதுத் துணி வந்த வீட்டில் பழைய கட்டு தானாகவே விலகியது. யாரும் அதைத் தடை செய்யத் தேவைப்படவில்லை. ரவிக்கை அணிந்து பள்ளிக்கூடம் போன பேத்தி, ரவிக்கையில்லாத அப்பத்தாவை ‘பட்டிக்காடு’ என்று பார்க்கத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். அந்தப் பார்வை என்னிடமும் இருந்தது என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

பழைய படத்தைப் படிப்பது

இவ்வளவும் தெரிந்துகொண்ட ஒருவர் தம் வீட்டுப் பழைய புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கலாம். முதலில் கொசுவத்தைத் தேடுங்கள். முன்னால் மடிப்புகள் இறங்கியிருந்தால் அது நிவிக்கட்டு; முன்பக்கம் வழவழவென்று இருந்து, இடுப்பின் ஓரத்தில் விசிறியின் நுனி எட்டிப் பார்த்தால் அது பின்கொசுவம். அடுத்து விளிம்பைப் பாருங்கள். கணுக்கால் தெரிகிறதா, பாதம் மறைகிறதா என்பது அந்தப் பெண் நடந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். ரவிக்கை இருக்கிறதா, இருந்தால் கை முழங்கை வரை நீண்டதா, தோளில் புடைத்த பஃப் கையா என்று பாருங்கள். முந்தானையின் முனை பின்னால் தொங்குகிறதா, சுற்றி வந்து இடுப்பில் செருகப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. புகைப்பட நிலையத்துக்குப் போன பெண்கள் அன்றாட உடையில் போகவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் அப்பத்தா மருமகளின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று நிற்கிறது. சேலையின் முன்பக்கத்தில் ஒரு மடிப்பும் இல்லை. இடது இடுப்பருகே, நாற்காலியின் முதுகில் அழுந்தி நசுங்கியபடி, விசிறியின் ஓரம் தெரிகிறது.